இடப்பக்கத்து வெளிச்சம்

அத்தியாயம் ஏழு

"படம் களவு போயிட்டுதாம். ஆனால் படம் சுவரிலை தொங்குதாம். இதைவிட வடிவான கேஸ் எங்களுக்கு வராது, அண்ணை."

முன் சீற்றில் இருந்த உதவியாளர் செலீன் இதைச் சொல்லிவிட்டு மடியில் கிடந்த இலவசத் தமிழ்ப் பேப்பரின் சுடோக்குவைப் பென்சிலால் தட்டினாள். கெனடி ரோட்டில் கார் வடக்கே போய்க்கொண்டிருந்தது. மாசி மாதத்துக் காலை வெயில், சூடு இல்லாமல், வலப்பக்கக் கண்ணாடி வழியாக அவள் மடியில் விழுந்தது.

"இந்த வெளிச்சத்திலை நான் போட்ட இலக்கம் எனக்கே தெரியுதில்லை. எல்லாம் மினுங்குது."

"வேலைக்கு வாற இடத்திலை சுடோக்கு போடாதையும் எண்டு எத்தினை தரம் சொன்னனான்?" என்றார் காரை ஓட்டிக்கொண்டிருந்த துப்பறிவாளர் சீமோன்.

"மூளையைச் சூடாக்கிறன். உங்கடை காரிலை ஹீட்டர் வேலை செய்யாதெல்லே."

பின் சீற்றில் இருந்த பாலேஸ்வரி சிரிக்கவில்லை. அவள் யூனியன்வில்லில் ஒரு வீட்டில் மூன்று வருடமாகக் கிழவர் ஒருவரைப் பராமரித்து வந்தவள். குளிப்பாட்டுவது, சாப்பாடு கொடுப்பது, மருந்து கொடுப்பது எல்லாம் அவள்தான். போன கிழமை அந்தக் கிழவர் அவளைக் கள்ளி என்று சொல்லிவிட்டார். அவரிடமிருந்த இருநூறு வருடப் பழமையான பென்சில் ஓவியத்தை எடுத்துக்கொண்டு, அதே சட்டத்தில் நகல் ஒன்றை வைத்துவிட்டாளாம். வேலைக்கு அனுப்பிய கம்பனி அவளை உடனே நிறுத்திவிட்டது. இன்று மத்தியானம் பொலிஸ் வாக்குமூலம் எடுக்க அந்த வீட்டுக்கு வருகிறது.

வேலை போனால் வேறு வேலை தேடலாம். பயம் அதுவல்ல. அவளுடைய நிரந்தர வதிவிட (பி.ஆர்.) விண்ணப்பம் கடைசிக் கட்டத்தில் இருந்தது. அது கிடைத்தால்தான் வவுனியாவில் தங்கச்சியோடு விட்டுவிட்டு வந்த மகள் அட்சயாவைக் கூப்பிடலாம். களவு வழக்குப் பதிவானால் எல்லாம் நின்றுவிடும்.

"சீமோன் அண்ணை," என்றாள் பாலேஸ்வரி. "அட்சயா கனடாக் குளிருக்கெண்டு ஒரு சுவெற்றர் வாங்கி வைச்சிருக்கிறாள். ஆறு வயசிலை வாங்கினது. இப்ப அது அவளுக்கு அளவு காணாது."

சீமோன் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். காரை மெதுவாக ஓட்டினார்.

வீட்டு வாசலில் பாலேஸ்வரி இறங்கவில்லை. அவள் உள்ளே வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

*

கிழவர் சுந்தரராஜன் தமிழ்நாட்டுக்காரர். பாலம் கட்டும் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். நிமோனியாவில் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி இரண்டு கிழமைதான் ஆகிறது. புதிதாக வந்திருந்த மின்சாரக் கட்டிலில் அரைவாசி நிமிர்ந்து படுத்திருந்தார். உடம்பில் கண்கள் மட்டும்தான் மிச்சம் என்பது போல அவை அங்குமிங்கும் ஓடின. எதிர்ச் சுவரில் அந்தப் படம் தொங்கியது. அவருக்கு வலப்பக்கம் யன்னல் இருந்தது.

"நீங்கதான் டிடெக்டிவா? அந்தம்மா அனுப்பிச்ச ஆளா?"

"ஓம் ஐயா. ஆனால் உண்மை எந்தப் பக்கம் இருக்கோ, நான் அந்தப் பக்கம்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. போய்ப் படத்தைப் பாருங்க."

சீமோன் கிட்டப் போனார். செலீன் அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். விரித்த நோட்டுக் கொப்பி அளவு தாள். வலப்பக்கம் பெரிய ஓக் மரம் ஒன்று. நடுவில் வளைந்து போகும் ஆறு. தூரத்தில் இடிந்த கோபுரம். ஆற்றங்கரையில் சின்னதாக ஒரு மனிதன், பார்ப்பவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"மியூனிச்சில படிக்கும்போது ஒரு பழைய புத்தகக் கடையில வாங்கினேன்," என்றார் கிழவர். "கையெழுத்து இல்லை. யார் வரைஞ்சதுன்னு யாருக்கும் தெரியாது. ஆனா எனக்கு அவனைத் தெரியும். மரத்தைப் பாருங்க. மரத்துலேர்ந்து கண்ணு எங்க போகுது?"

"அந்த மனிசனிட்டை," என்றாள் செலீன்.

"அவன்கிட்டேர்ந்து?"

"ஆத்துக்கு. பிறகு கோபுரம். பிறகு... வானம்."

"வானத்துல என்ன இருக்கு?"

"ஒண்டும் இல்லை. வெறும் தாள்."

கிழவரின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. "அதான் விஷயம். வெளிச்சம்னு அவன் எதையும் வரையலை. இடது பக்கத்துலேர்ந்து வெயில் வருது. வெயில் படற இடத்தை எல்லாம் தொடாம விட்டுட்டான். ஆறு வெறும் தாள். மரத்தோட இடது ஓரம் வெறும் தாள். நிழலுக்கு மட்டும்தான் பென்சில். எல்லாக் கோடும் ஒரே சாய்வு, மழை மாதிரி."

பிறகு அவர் குரல் மாறியது.

"இதுல கோடு அப்படியே இருக்கு. அமைப்பு அப்படியே இருக்கு. வெளிச்சம் மட்டும் இல்லை! நிழல் எல்லாம் சாம்பல். மரம் செத்துப்போச்சு. நகல் எடுக்கறவனுக்குக் கை இருக்கும், கண்ணு இருக்காது. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து கண்ணைத் திறந்த அன்னிக்கே சொன்னேன், இது என் படம் இல்லைன்னு. நான் இல்லாதப்ப இந்த ரூமுக்கு வந்தது அந்தம்மா ஒருத்திதான்."

கிழவர் சொல்வது உண்மை. படம் செத்துத்தான் கிடந்தது. நிழல்கள் வெள்ளிப் பூச்சுப் பூசியது போல மினுங்கின. ஆறும் மரமும் ஒரே நிறமாகத் தெரிந்தன.

வாசலில் நின்ற மகள் கல்யாணி மெதுவாகச் சொன்னாள். "போட்டோ எடுத்து ஒரு டீலருக்கு அனுப்பினேன். போட்டோவை வெச்சுச் சொல்ல முடியாது, நேர்ல கொண்டு வாங்கன்னார். அதுக்கு அடுத்த மாசம்தான் அப்பாயின்ட்மென்ட். அப்பா தூங்கவே மாட்டேங்கறார். அதனாலதான் போலீஸ்..."

"படம் எப்பவும் இந்தச் சுவரிலையோ இருந்தது?" என்று கேட்டார் சீமோன்.

"இல்லை, இதுக்கு எதிர்ச் சுவர்ல, இப்ப கட்டிலோட தலைமாடு இருக்கற பக்கம். புதுக் கட்டிலைக் கொண்டுவந்த ஆளுங்க இப்படித் திருப்பிப் போட்டுட்டாங்க. அப்பா பார்க்கணுமேன்னு பாலேஸ்வரி படத்தை இங்க மாத்தி மாட்டினாங்க. அப்பதான் உள்ளே இருக்கறதையும் மாத்திட்டாங்கன்னு அப்பா சொல்றார்."

சீமோன் திரும்பிப் பார்த்தார். கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் வட்ட மணிக்கூடு ஒன்று தொங்கியது. அதைச் சுற்றிச் சுவரில் வெளிறாத நீள்சதுரத் தடம் ஒன்று தெரிந்தது. பழைய படத்தின் இடம்.

செலீன் கீழே குனிந்து கட்டிலின் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது கட்டிலுக்கு அடியால் போய், நீட்டு வயர் ஒன்றில் சேர்ந்து, கம்பளத்துக்குக் கீழால் ஓடி, படம் தொங்கிய எதிர்ச் சுவரின் பிளக்கில் செருகியிருந்தது.

"அண்ணை," என்று அவர் காதில் சொன்னாள். "கட்டில் கொண்டுவாறவங்கள் பிளக் இருக்கிற பக்கம் தலைமாட்டை வைக்கிற ஆக்கள். வேலை கெதியா முடிஞ்சால் காணும் அவங்களுக்கு. வயரை நீட்டி, கம்பளத்துக்குக் கீழாலை ஒளிச்சு விடுறதெல்லாம் கரிசனம் உள்ள ஆள் செய்யிற வேலை."

*

காருக்குத் திரும்பினார்கள். பாலேஸ்வரி கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

செலீன் முன் சீற்றில் ஏறி, யோசிப்பதற்காகச் சுடோக்குவை எடுத்தாள். பின்னால் ரீசைக்கிளிங் லொறி ஹோர்ன் அடித்தது. சீமோன் முணுமுணுத்துக்கொண்டே காரைத் திருப்பி, தெருவின் மற்றப் பக்கம் தெற்கே பார்க்க நிறுத்தினார். வெயில் இப்போது இடப்பக்கத்தால் வந்தது.

"அட, இலக்கமெல்லாம் வந்திட்டுது!" என்றாள் செலீன். "இஞ்சை பாருங்கோ, ஏழு, மூண்டு, எல்லாம் கறுப்பா நிக்குது. முந்தி ஒண்டும் தெரியேல்லை..."

பேச்சை நிறுத்திப் பேப்பரை வெயிலில் தூக்கிப் பிடித்தாள். சீமோன் பேப்பரைப் பறித்தார். அதே பேப்பர், அதே பென்சில். வலம் பார்க்கச் சரித்தார், எழுத்து வெள்ளியாக மினுங்கி மறைந்தது. இடம் பார்க்கச் சரித்தார், கறுப்பாக எழும்பி வந்தது.

"பென்சில் கரி மினுங்கிற சாமான்," என்றார் அவர். "ஒரே சாய்விலை கோடு விழுந்தால், ஒரு பக்கத்து வெளிச்சத்துக்குக் கறுப்பு, மற்றப் பக்கத்துக்குச் சாம்பல். படத்துக்குள்ளை வெயில் இடப்பக்கத்தாலை வருது. பழைய சுவரிலை இருந்தபோது யன்னலும் இடப்பக்கம். இப்ப யன்னல் வலப்பக்கம். அந்தாள் இத்தினை வருசமாப் படத்தை மட்டும் பார்க்கேல்லை, செலீன். யன்னலையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்."

"அப்ப படம் மாறேல்லை. சுவர்தான் மாறினது. என்ரை சுடோக்குவுக்கு மரியாதை தாருங்கோ."

சீமோன் பின்னால் திரும்பினார். "பாலேஸ்வரி, கட்டிலைத் திருப்பினது ஆர்?"

அவள் தலையைக் குனிந்தாள்.

"நான்தான்."

"கட்டில் கொண்டுவந்த ஆக்கள் எண்டெல்லே வீட்டிலை சொன்னனீர்?"

"வீட்டுத் தளபாடத்திலை கை வைக்கக் கூடாதெண்டு எங்கடை கம்பனியிலை சட்டம், அண்ணை. சொன்னால் அண்டைக்கே நிப்பாட்டிப் போடுவினம்."

"பிறகேன் திருப்பினனீர்?"

"அவையள் வடக்கை தலைமாடு வைச்சிட்டுப் போட்டினம். முந்தின கட்டிலும் அப்பிடித்தான். எனக்கு மூண்டு வருசமா அது மனதுக்குச் சரியில்லை. சவத்தையெல்லே அப்பிடிக் கிடத்திறது? செத்துப் பிழைச்சு வாற மனிசன். நீங்கள் படுத்திருக்கிற படுக்கை சவத்தின்ரை படுக்கை எண்டு வாயாலை சொல்லேலுமே? சில்லு வைச்ச கட்டில்தானே, பேசாமல் தெற்கை திருப்பி விட்டனான். கண் முழிச்சுப் பார்க்கேக்கை படம் முன்னுக்கு இருக்கோணும் எண்டு அதையும் மாத்தினனான். அவருக்கு நல்லதெண்டு நினைச்சுத்தான்..."

சீமோன் பேப்பரைச் செலீனிடம் திருப்பிக் கொடுத்தார்.

"அக்கா," என்றாள் செலீன், "உங்களைப் போல ஒரு கள்ளியை நான் காணேல்லை."

*

சீமோனுக்கு ஒரு பலவீனம் உண்டு. உண்மையைச் சொல்வதைவிடக் காட்டுவதில் அவருக்கு ஆசை. கல்யாணியைச் சமையலறையில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அப்பாவைச் சில்லு நாற்காலியில் இங்கே கொண்டுவந்து காப்பி கொடுங்கள், அதற்குள் நாங்கள் கட்டிலையும் படத்தையும் பழையபடி மாற்றிவிடுகிறோம் என்றார்.

"சொல்லிப்போட்டுச் செய்வம், அண்ணை," என்றாள் செலீன். அவள் குரலில் பகிடியோ சிரிப்போ இல்லை.

"சொன்னால் நாங்கள் சொன்னதைத்தான் அவர் காணுவார். அவரின்ரை கண்ணே சொல்லட்டும்."

கட்டிலைப் பழையபடி தலைமாடு வடக்கே வரத் தள்ளினார்கள். மணிக்கூட்டைக் கழற்றிப் படத்தை மாட்டினார்கள். சட்டம் அந்த நீள்சதுரத் தடத்தில் பிசகாமல் உட்கார்ந்தது. யன்னல் திரையைச் செலீன் முழுவதும் இழுத்துத் திறந்தாள்.

எட்டிப் பார்த்த கல்யாணி வாயில் கையை வைத்தாள். மரம் கறுத்து, கனத்து, நின்றது. அதன் இடது ஓரம் எரிந்தது. ஆறு வெள்ளையாக ஓடியது. அந்தச் சின்ன மனிதனின் நிழல் வலப்பக்கம் நீண்டு விழுந்தது. முதலில் அந்த நிழலை யாரும் கவனித்திருக்கவே இல்லை.

"கடவுளே," என்றாள் கல்யாணி. "இதேதான். நான் சின்னப் பிள்ளையிலேர்ந்து பார்த்தது."

கிழவரைக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தினார்கள். அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணால் தண்ணீர் வழிந்தது. சீமோன் கைகளைக் கட்டிக்கொண்டு, கதையின் கடைசிப் பக்கத்தில் நிற்பவர் போல நின்றார்.

"வந்துடுச்சு," என்றார் கிழவர். "என் படம் வந்துடுச்சு."

"ஓம் ஐயா."

"எங்க ஒளிச்சு வெச்சிருந்தா?"

சீமோனின் கைகள் அவிழ்ந்தன. "ஐயா, ஒருத்தரும் ஒளிக்கேல்லை. இது அதே படம்தான். கட்டில் திரும்பினபடியால் வெளிச்சம்..."

"போலீஸ் வருதுன்னதும் பயந்து உங்ககிட்ட கொடுத்துட்டா. நீங்க நான் இல்லாத நேரம் பார்த்து மாத்தி மாட்டிட்டீங்க. நல்ல வேலை பண்ணீங்க. ஆனா அவ எடுத்தது உண்மைன்னு ஆயிடுச்சு இல்லையா?"

செலீன் சீமோனைப் பார்க்கவில்லை. அது அவள் செய்த பெரிய உதவி.

"அப்பா, நான் பார்த்துட்டுதான் இருந்தேன்," என்றாள் கல்யாணி. "யாரும் எதையும் மாத்தலை."

"அப்ப திருப்பிக் காட்டச் சொல்லு!"

படத்தைக் கழற்றி எதிர்ச் சுவரில் மாட்டினார்கள். கட்டிலை அவரோடு சேர்த்துத் திருப்பினார்கள். பாதி வழியில் கிழவருக்குத் தலை சுற்றியது, கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். திறந்து பார்த்தபோது முன்னால் சாம்பல் மரம்.

"பார்த்தியா? நகலை மாட்டிட்டாங்க."

"ஐயா, கொஞ்சம் கண்ணைத் திறந்துகொண்டு இருங்கோவன்," என்று கெஞ்சினாள் செலீன். மறுபடியும் திருப்பினார்கள். இம்முறையும் தாங்க முடியாமல் மூடிக்கொண்டார். திறந்தார். கறுத்த மரம்.

"இது என்னோடது," என்றார். பிறகு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். அவர் கண்களில் கோபம் போய்ப் பயம் வந்திருந்தது. "உங்ககிட்ட ரெண்டும் இருக்கு. மாத்தி மாத்திக் காட்டறீங்க. எனக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு சொல்லப் பார்க்கறீங்க. கால் போச்சு, மூச்சு போச்சு. கண்ணு இருக்குடா எனக்கு. கண்ணு இருக்கு."

சீமோன் செலீனின் பேப்பரை எடுத்துக் காட்டப் போனார். கல்யாணி அவர் கையைப் பிடித்தாள்.

"போதும், மிஸ்டர் சீமோன்."

கூடத்தில் நின்று அவளே பொலிசுக்குப் போன் பண்ணினாள். களவு எதுவும் நடக்கவில்லை, தவறு எங்களுடையது, யாரும் வரத் தேவையில்லை என்று தெளிவாகச் சொன்னாள். கம்பனிக்கும் அதையே எழுதி அனுப்புவதாகச் சொன்னாள். பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"பாலேஸ்வரி மேல ஒரு தப்பும் இல்லைன்னு நான் எங்க வேணும்னாலும் சொல்றேன். ஆனா அவங்க இந்த வீட்டுக்குத் திரும்பி வர முடியாது. அப்பா சாகற வரைக்கும் அவங்கதான் எடுத்தாங்கன்னு நம்புவார். அவர் கண்ணு தப்புன்னு அவர்கிட்ட என்னால சொல்ல முடியாது. அது ஒண்ணுதான் அவர்கிட்ட இருக்கு."

"அவரின்ரை கண் பிழை இல்லை," என்றார் சீமோன். "அவர் கண்டதெல்லாம் சரி."

"தெரியும்," என்றாள் கல்யாணி. "அதைச் சொல்றதுதான் இன்னும் கஷ்டம்."

*

பாலேஸ்வரி காரின் கதவைத் திறந்துகொண்டு இறங்கி நின்றாள். உறைபனியில் சப்பாத்து வழுக்கியது.

"பொலிஸ் வராது, அக்கா," என்றாள் செலீன். "எல்லாம் முடிஞ்சுது. உங்கடை ஃபைலுக்கு ஒண்டும் ஆகாது."

பாலேஸ்வரி காரின் கூரையில் நெற்றியை வைத்து அழுதாள். அட்சயாவின் பெயரைச் சொன்னாள். செலீன் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.

காருக்குள் ஏறியபின்தான் அவள் கேட்டாள். "ஐயா என்ன சொன்னவர்? நான் எடுக்கேல்லை எண்டு அவருக்கு விளங்கிட்டுதே?"

சீமோன் சாவியைப் போட்டார். எஞ்சின் இரண்டு முறை இருமியது. செலீன் ஒரு பகிடி சொல்வாள் என்று காத்திருந்தார். அவள் சுடோக்குவை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"படம் திரும்பக் கிடைச்சதெண்டு சந்தோசப்பட்டவர்," என்றார் சீமோன்.

பாலேஸ்வரிக்கு அது போதும் போலிருந்தது. இல்லாவிட்டால் எல்லாம் விளங்கி, மேலே கேட்காமல் விட்டுவிட்டாள். கிழவரின் அறை யன்னலைப் பார்த்தாள். திரை முழுவதும் திறந்திருந்தது.

"படத்தைப் பழைய சுவரிலையே கொழுவியிருக்கிறியள்?"

"ஓம்."

"அங்கை இருந்தால்தான் வெளிச்சம் வருமோ?"

"ஓம், பாலேஸ்வரி. அங்கை மட்டும்தான்."

கார் தெருவை விட்டுத் திரும்பிக் கெனடி ரோட்டில் தெற்கே ஓடியது. இடப்பக்கக் கண்ணாடியால் வந்த வெயில் மூன்று பேர் மடியிலும் விழுந்தது.

"அப்ப தலைமாடு?" என்று பின்னாலிருந்து கேட்டாள் பாலேஸ்வரி. "அண்ணை, அவரின்ரை தலைமாடு இப்ப எந்தப் பக்கம்?"